வலப்பக்கம் நாலு விரல்

ஆடிக் காற்று ஆளையே தூக்குகிற ஆரல்வாய்மொழிப் பக்கம், துப்பாக்கி சுடும் திடல் ஒன்றில், ஒரு குட்டித் தோட்டா இருந்தது. நிலக்கடலைப் பருப்பு அளவு ஈயத் தலை. பின்விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினால் போதும், ஓடிவிடும். ஆனால் ரோஷம் மட்டும் மலையளவு.

அன்று போட்டி. நூறு மீட்டர் தூரத்தில் ஓர் அட்டை, அதன் நடுவில் கறுப்புப் பொட்டு. கிளாடிஸ் கையில் மிச்சம் இருந்தது இந்த ஒரு தோட்டாதான். பொட்டில் பட்டால் மாநிலப் போட்டிக்குப் போவாள். படாவிட்டால் வீட்டுக்கு.

"முந்தினது எங்க பட்டுது தம்பி?" என்று கேட்டாள்.

தொலைநோக்கியோடு பக்கத்தில் படுத்திருந்த வில்பிரட் சிரித்தான். "நீ பொட்டுக்கு நேராத்தான் சுட்ட. காத்து இடப்பக்கம் நாலு விரல் தள்ளிட்டுக்கா. அங்க ஆடு மேஞ்சிருந்தா இன்னைக்கு நமக்குப் பிரியாணி."

கிளாடிஸ் தோட்டாவைக் குழலுக்குள் போட்டு, துப்பாக்கியைப் பொட்டிலிருந்து வலப்பக்கம் நாலு விரல் நகர்த்தினாள்.

குழல் வழியே எட்டிப் பார்த்த தோட்டா பதறிவிட்டது. "துப்பாக்கி மாமா, இவங்களுக்குக் கண்ணு தெரியாதா? பொட்டு அங்கல்லா இருக்கு. என்னை வெறும் அட்டைக்கு அனுப்பப் பாக்காங்க."

"என்கிட்ட கேட்டா? அவ திருப்புன பக்கம் நான் திரும்புவேன். அவ்வளவுதான்" என்றது துப்பாக்கி.

அந்நேரம் அட்டைக்குப் பக்கத்துக் கம்பில் பறந்த சிவப்பு நாடா துவண்டு தொங்கியது.

"காத்து படுத்துட்டு" என்று தோட்டா துள்ளியது. "இப்ப நேரா விடச் சொல்லும்."

"நேரம் போகுதுக்கா" என்றான் வில்பிரட்டும்.

"இது நிக்கிற காத்து இல்ல. எப்பம் எழும்பும்னு யாருக்குத் தெரியும்? நாடா முன்ன பறந்த மாதிரியே பறக்கட்டும்" என்றாள் கிளாடிஸ்.

அவள் உதடு மெல்ல அசைந்தது. யேசுவைக் கூப்பிட்டிருப்பாள். நாடா எழுந்தது, முன்போலவே கிடையாக நின்றது. விசையை அழுத்தினாள்.

பாதி வழியில் காற்று வந்து தோட்டாவின் விலாவைப் பிடித்துக்கொண்டது.

"ஓய், தள்ளாதேயும்" என்று கெஞ்சியது தோட்டா. "ஏற்கெனவே என்னைக் கோணலா விட்டிருக்காங்க. நீரும் சேர்ந்து கெடுக்காதேயும்."

"தள்ளுறதுதான்டே என் சோலி" என்று காற்று இன்னும் கொஞ்சம் தள்ளியது.

நிலக்கடலைப் பருப்பு எத்தனை நேரம் மல்லுக்கட்டும்? தன் கதை முடிந்தது என்று தோட்டா கண்ணை மூடிக்கொண்டது. அட்டையைத் துளைத்துப் பின்னால் இருந்த மணல்மேட்டில் புதைந்தது.

வில்பிரட் வெகுநேரம் தொலைநோக்கியை இறக்கவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னான்: "அக்கா, ஆடு தப்பிச்சிட்டு."

தோட்டா கண்ணைத் திறந்து திரும்பிப் பார்த்தது. தான் வந்த ஓட்டை, கறுப்புப் பொட்டின் நடுவில் இருந்தது.

காற்று மணல்மேட்டைச் சுற்றி வந்து பெருமையடித்தது. "பாத்தியாடே? நான் தள்ளலேன்னா நீ வெறும் அட்டையில போயிருப்ப. எனக்கு ஒரு கும்பிடு போடு."

தோட்டா அந்த ஓட்டை வழியே தூரத்தில் எழுந்து நிற்கும் கிளாடிஸைப் பார்த்தது. பிறகு சிரித்துக்கொண்டே சொன்னது:

"உம்மையும் சேத்துத்தான் ஓய் அவங்க என்னை அனுப்பியிருக்காங்க."