பிலோமினாவின் கன்னம்

சபாபதி பல வருடம் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவர். கல்லூரியை மூடிவிட்டார்கள். பிறகு, புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு அளவு கணக்கிடும் படிப்பை முடித்துவிட்டு, கடற்கரை ஊர் ஆஸ்பத்திரி ஒன்றில் பயிற்சிக்குச் சேர்ந்தார். அங்கே அவருக்குக் குரு தாஹிரா. ஒரு காலத்தில் அவருடைய வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள். அவள் இன்னும் அவரை சார் என்பாள். அவர் அவளை மேடம் என்பார். இருவருக்கும் மாற்றிக்கொள்ளும் உத்தேசம் இல்லை.

ஒரு நாள் காலையில் அவர் ஒரு தாளோடு வந்தார்.

“மேடம், பிலோமினாம்மா கணக்கை மறுபடி போட்டேன். கம்ப்யூட்டர் சொன்னதும் நான் போட்டதும் அப்படியே ஒத்துப்போகுது.”

“நல்லது சார்.”

“ஒரு டோஸ் சரிதான்னு தெரிஞ்சுக்க இதுக்கு மேல என்ன இருக்கு?”

“நீங்க எவ்வளவு மார்க் போடுவீங்க?”

“நூத்துக்கு நூறு.”

சொல்லும்போதே முகம் மலர்ந்தது. மலரட்டுமே. மனிதர் கல்லூரியில் யாருக்கும் நூறு போட்டதில்லை.

தாஹிரா தாளை வாங்கவில்லை. “காலையில அந்த அக்கா உங்களைக் கும்பிட்டாங்களே, வளையல் எங்க போச்சு, பாத்தீங்களா?”

“வளையலா?”

“வாங்க,” என்று எழுந்தாள்.

பிலோமினா மீன் விற்பவள். கழுத்தில் கட்டி. கதிர்வீச்சு பாதி முடிந்திருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே மார்க்கெட்டுக்குப் போய்க் கூடையை இறக்குவாள். ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

அவர்கள் போனபோது அவளை மேசையில் படுக்க வைத்து மாஸ்க்கைப் பூட்டியிருந்தார்கள். தலை அசையாமலிருக்க, முதல் நாளே முகத்துக்கும் கழுத்துக்கும் அளவாக வார்த்த வலை மாஸ்க் அது. கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. சபாபதிக்குத் திருப்தி.

தாஹிரா குனிந்தாள். “அக்கா, உங்க கூடையில நேத்து மீன் கிடக்குன்னு மார்க்கெட்ல பேசிக்கிறாங்களே, நெசமா?”

வலைக்குள் கண்கள் உருண்டன. பிலோமினா ஒரு கணம் பொறுத்துப் பார்த்தாள். அதற்கு மேல் முடியவில்லை.

“எந்தச் சிறுக்கி சொன்னா? நேத்து மீனை இன்னைக்கு விக்கதுக்கு நான் ஆளில்ல, கேட்டியளா!”

புஸ்ஸென்று காற்று போனது. கன்னம் இரண்டும் ஒட்டிப்போயின. முகம் உள்ளே இறங்கி, தாடைக்கும் வலைக்கும் நடுவே இடைவெளி தெரிந்தது. தாஹிரா அதில் இரண்டு விரலை நுழைத்துக் காட்டினாள். கழுத்துப் பக்கமும் அதே கதைதான்.

மாஸ்க்கைக் கழற்றியதும் பிலோமினா அழுதாள்.

“என்கூட வந்துக்கிட்டிருந்த ஒருத்திய, மெலிஞ்சுட்டான்னு பாதியில வீட்டுக்கு அனுப்பிட்டாவ. என்னையும் அனுப்பிருவியன்னுதான் தெனம் கன்னத்தை உப்பிக்கிட்டுக் கெடந்தேன். கஞ்சிகூட எறங்கல டாக்டரம்மா. ஆனா நான் பாதியில போமாட்டேன்.”

“நாங்களும் விடமாட்டோம். இன்னைக்கு மட்டும் மெஷின் வேண்டாம். புது மாஸ்க், புது ஸ்கேன். டாக்டர்கிட்ட சொல்லி மூக்கு வழியா கஞ்சி போக வழி பண்ணுவோம். நாளைக்குக் காலையில நீங்க இதே மேசையில படுக்கணும்.”

“படுப்பேன்.”

வெளியே வந்ததும் சபாபதி தாளைப் பார்த்தார். “கணக்குல தப்பில்லையே மேடம்.”

“இல்ல சார். நூறு மார்க்தான். முதல் நாள் வந்தாங்களே, அந்த அக்காவுக்கு.”

அவர் நிமிர்ந்தார்.

“கும்பிட்டப்ப வளையல் முழங்கை வரைக்கும் சரிஞ்சுது சார், அவ்வளவு மெலிஞ்சுட்டாங்க. சதை இருந்த இடத்துல இப்ப காத்து. அங்க தணிய வேண்டிய கதிர் தணியாம தண்டுவடத்துக்குப் போகும். கை கால் விழுந்துடலாம். முகம் நகர்ந்தா கட்டியோட ஓரம் தப்பிச்சுக்கும். ரெண்டுல எது நடந்தாலும் உங்க தாள்ல தெரியாது.”

சபாபதி தாளை மடித்துப் பையில் வைத்தார். தினமும் அந்தம்மாவுக்குப் பதில் வணக்கம் சொன்னவர் அவர்தான்.

“புதுக் கணக்குக்கு வழக்கமா மூணு நாள் ஆகுமே மேடம்.”

“ஆகும். நாள் விட்டா கட்டி சும்மா இருக்குமா? டாக்டரைக் கேட்டு, மதியத்துக்குள்ள புது ஸ்கேன்ல கட்டியைச் சுத்திக் கோடு போட்டு வாங்கிடறேன். இன்னைக்கு விட்டதை சனிக்கிழமை ஈடுகட்டுவோம். உட்காருங்க.”

உட்கார்ந்தார். மத்தியானச் சாப்பாட்டு டப்பா திறக்கப்படவே இல்லை. ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்காமல் தனித்தனியாகப் போட்டார்கள். ஒத்துப்போகவில்லை. மறுபடி போட்டார்கள். தவறு தாஹிராவுடையது. “இதுக்குத்தான் ரெண்டு பேர்,” என்று சொல்லிவிட்டு, கூச்சப்படாமல் திருத்திக்கொண்டாள். நீர் நிரப்பிய தொட்டியில் கதிரைச் செலுத்தி அளந்தும் பார்த்தார்கள். சரியாக இருந்தது.

மறுநாள் காலையில் பிலோமினா சொன்னபடி வந்து படுத்தாள். மூக்கில் குழாய் ஒட்டியிருந்தது. புது மாஸ்க் பூட்டப்பட்டது.

மெஷின் அறை வாசலில் சபாபதி புதுத் தாளை நீட்டினார்.

“மேடம், இது சரியா?”

தாஹிரா இந்த முறையும் தாளை வாங்கவில்லை.

“என்னை ஏன் கேக்குறீங்க சார்? உள்ள போய் அக்காவைப் பேச வைங்க.”