நண்டுப்பிடியும் நீல முகமூடியும்

படக்கதைகளில் வரும் மாவீரனுக்கு வயதாவதே இல்லை. காரணம் எளிது: அவன் ஒரே ஆள் இல்லை. சங்குத்துறை நகரத்தைக் காக்கும் நீலக்கழுகும் அப்படித்தான். ஒரு நீலக்கழுகு அடிபட்டு ஓய்ந்தால், நிழல்மன்றம் என்னும் ரகசியச் சண்டைக் கூட்டம் தன் ஆட்களில் ஒருவருக்கு அந்த நீல முகமூடியைக் கொடுத்து அனுப்பிவிடும். மன்றம் கூடுவது துறைமுகத்து ஐஸ் தொழிற்சாலையின் கீழறையில். அங்கே நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். தீர்ப்பை முதலில் நீங்கள் சொல்லுங்கள்.

மன்றத்தார் வெளியே போனால் எல்லோருக்கும் ஒரே கறுப்பு முகமூடிதான். பின் ஒருவரை ஒருவர் அடையாளம் காண்பது எப்படி? அடியை வைத்து. ஆளுக்கு ஓர் அடி சொந்தம். அதை இன்னொருவர் ஒளிந்திருந்து பார்த்துக் கற்றால் அது திருட்டு. திருடியவருக்கு நீல முகமூடி ஒருநாளும் கிடையாது. இதைவிடக் கடுமையான சட்டம் ஒன்றும் உண்டு. தன் வெற்றியைத் தன் வாயால் சொல்லக் கூடாது. கண்டவர்தான் சொல்ல வேண்டும்.

நப்பின்னைக்குச் சொந்தமானது நண்டுப்பிடி. எதிரியின் இரு மணிக்கட்டுகளையும் அவன் முதுகுக்குப் பின்னால் ஒரே கையால் கவ்வும் பிடி அது. மாலைப் பயிற்சியில் எல்லோர் முன்னிலையிலும் அவள் அதை வேலாயுதத்தின் மேல்தான் போடுவாள். அவன் முகம் சுருங்குவதைப் பார்ப்பதில் அவளுக்கு ஒரு திருப்தி. அவனுக்குச் சொந்தமான அடி வெறும் முழங்கைக் குத்து. அதை யாரும் புகழ்ந்ததில்லை. அவள் கையைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு வயிறு எரியும்.

அப்போது வந்து சேர்ந்தான் துருவேந்தன். அவன் கை பட்ட இரும்பு அந்தக் கணமே துருப்பிடித்து உதிரும். அவன் துறைமுகப் பாலத்தில் கை வைத்தபோது பாலத்தின் மேல் இரண்டு பேருந்துகள் நின்றன. அன்றிருந்த நீலக்கழுகு முதல் அடியிலேயே கால் முறிந்து விழுந்தார். துருத்தூள் செம்புகையாக எழுந்தது. அதற்குள் ஒரு கறுப்பு முகமூடி பாய்ந்து, துருவேந்தனின் இரு கைகளையும் பின்னால் கவ்வி, காலை அரை அடி முன்வைத்து, அவன் எடையாலேயே அவனைக் குப்புறச் சாய்த்தது. கரையில் நின்றவர்கள் கண்டது அவ்வளவுதான். பக்கத்தில் இருந்து முழுவதும் கண்டவர் ஒருவரே.

மறுநாள் காலை மன்றம் கூடியது. யாருக்கு நீல முகமூடி என்று தலைவர் மாசிலாமணி கேட்பதற்குள் மன்றத்து மூத்தவர் சூசை எழுந்துவிட்டார்.

"இதுல கேக்க என்னய்யா இருக்கு? கரையில நின்னு நானே பாத்தேன். நண்டுப்பிடி! நம்ம நப்பின்னையை விட்டா அந்தப் பிடிக்கு வேற யாரு?"

எல்லோரும் தலையாட்டினார்கள். வேலாயுதம் ஐஸ் பாளங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். நப்பின்னை பேச வேண்டிய அவசியமே இல்லை. இன்னும் சற்று நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால், சிறுவயது முதல் அவள் ஏங்கிய முகமூடி தானாக மடியில் விழும்.

சூசை நிறுத்தவில்லை. "பிடியை விடுங்க. கடைசியா அரை அடி முன்னால வச்சுச் சாய்ச்சியே, அடடா! அது இல்லேன்னா உன் பிடி வெறும் பிடிதான். இத்தனை நாளா அதை எங்கம்மா ஒளிச்சு வச்சிருந்தே?"

நப்பின்னையின் காது சிவந்தது.

"போதும் சூசையண்ணே! அது நான் இல்ல. நான் பாலத்துத் தூணுக்குப் பின்னால விழுந்து கிடந்தேன். செஞ்சவன் அதோ உக்காந்திருக்கான், ஒண்ணுந் தெரியாத மாதிரி."

சட்டம் தடுப்பது உரிமை கோருவதைத்தான், மறுப்பதை அல்ல. எனவே அவள் குற்றவாளி அல்ல. மாசிலாமணி வேலாயுதத்திடம் திரும்பினார்.

"அவ அடி உனக்கு எப்படிப்பா வந்துச்சு?"

வேலாயுதம் சட்டைக் கையைச் சுருட்டினான். மணிக்கட்டைச் சுற்றிக் கன்றிப்போன தழும்பு.

"இதோ, இந்த வழியாத்தான் ஐயா. தினம் தினம் இதுலதானே போட்டா. எங்க இறுக்குறா, எங்க விடுறான்னு கை படிச்சுக்கிச்சு. பொறாமைதான், இல்லேங்கல. பொறாமைப்பட்டவனுக்கு மறதி வராது."

பாலத்தைப் பற்றி அவன் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

"திருட்டுப் பய" என்றது ஒரு குரல். "கைக்கு வந்ததை வேண்டாம்னு சொன்னவளுக்கே கொடுங்க" என்றார் சூசை. "பேருந்துல உயிர் பிழைச்சவங்களைக் கேளுங்க, யாருக்குன்னு சொல்வாங்க" என்றது இன்னொரு குரல். மாசிலாமணி முகமூடியைக் கையில் வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

பிடிக்குச் சொந்தக்காரி, உண்மையும் சொன்னவள் ஒருபுறம், பிடித்தவன் மறுபுறம். நீல முகமூடி யாருக்குச் சேர வேண்டும்?

விடை: வேலாயுதத்துக்கு. ஒளிந்து பார்த்துக் கற்றால்தான் திருட்டு; அவன் கற்றது எல்லோர் கண்ணெதிரே, அவளே கொடுத்த வலியில். தன் வெற்றியையும் அவன் தன் வாயால் சொல்லவில்லை. நப்பின்னை சொன்னது உண்மை, ஆனால் சாட்சிக்குக் கூலியாக முகமூடியைக் கொடுத்தால் நாளை சாட்சிகளுக்குப் பஞ்சமே இராது. தவிர, அவளைப் பேச வைத்தது நேர்மை மட்டுமா? தன்னிடம் இல்லாத அந்த அரை அடிக்காகத் தன்னைப் புகழ்ந்ததை அவளால் தாங்க முடியவில்லை. மாசிலாமணியும் இப்படியே தீர்ப்புச் சொன்னார். கண்டு சொன்னவரே முகமூடியைக் கட்டிவிட வேண்டும் என்பது மன்றத்து வழக்கம். நப்பின்னை கட்டினாள். முடிச்சு தேவைக்கு மேல் கொஞ்சம் இறுகியது. "வலிக்குதா?" என்று கேட்டாள். "இல்ல" என்றான். இன்னொரு சுற்று இறுக்கினாள்.