மூன்றாம் மாதத்தில் சொல்லாத பெயர்

முதலில் பேச்சி செத்தாள். கர்ப்பத்தில் கால் வீங்கியபோது, ஆண் பிள்ளைதான் என்று தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் சிரித்தார்கள். அடுத்து ரோசம்மாள். வலிப்பு வந்தது, பேய் என்று வேப்பிலை அடித்தார்கள். மூன்றாவது பூவாயி. ஒன்பதாம் மாதம் பிரஷர் பார்த்த கம்பவுண்டர் உடனே ஜீப் வேண்டும் என்றார். ஜீப், தோட்ட மேனேஜர் துரையின் விருந்தாளியை அழைத்துவரப் போயிருந்தது.

அதன் பிறகுதான் கொழுந்துக் கூடைகளைக் கீழே வைத்தோம். நோட்டீஸ் அடித்தோம். அடியும் வாங்கினோம். கடைசியில், மாதம் ஒருமுறை டாக்டரம்மா தோட்டத்துக்கு வர நிர்வாகம் ஒப்புக்கொண்டது.

அவர் வந்து சொன்னார்: மூன்றாம் மாதமே பிரஷரும் ரத்தமும் ஸ்கேனும் பார்த்தால், பிரஷர் ஏறி வலிப்பு வரும் இந்த ஆபத்து யாருக்கு அதிகம் என்று கணிக்கலாம். அப்போதே மாத்திரை தொடங்கினால் பலரைக் காப்பாற்றலாம். பிந்தினால் அதற்கு அவ்வளவு பலன் இல்லை.

ஒருத்தியும் வரவில்லை.

சங்கத் தலைவி மாடத்தியிடம் பிச்சாண்டி போனான். மேடையில் பேச அவரிடம் கற்றவன்.

"துரைகிட்ட போராடி வாங்கிக் குடுத்தாச்சு தோழர். இவங்களுக்கு என்ன கேடு?"

"மூணு மாசம் நிறையாம வெளிய சொன்னா கண்ணு பட்டுரும்னு பயம்."

"மூடநம்பிக்கை. அதுக்கும் ஒரு நோட்டீஸ் போடுவோம்."

"போடலாம். செம்பகம் ஏன் கருவாட்டுக் கடைய மூக்கப் பொத்திக்கிட்டுத் தாண்டுறா?"

பிச்சாண்டி தலை கவிழ்ந்தான். செம்பகம் அவன் மனைவி. பூவாயியின் உடன்பிறந்த தங்கை.

"அம்மாதான் சொல்லாதன்னாங்க."

"துரைய எதுத்துக் கொடி பிடிச்ச ஆளு."

"பயமா இருக்கு தோழர். பூவாயி மதினி மாதிரி இவளும்..."

"எனக்கும் அதே பயந்தான்டா. செம்பகத்தக் கேளு. அவ சரின்னா, டாக்டரம்மா வர்ற அன்னிக்கு வா."

அன்று காலை, ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் எல்லோரும் நின்றிருந்தோம். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பிச்சாண்டியின் தாய் முன்வரிசையில் நின்று அவனை முறைத்தாள். செம்பகம் அவனைப் பார்த்துத் தலையசைத்தாள். அவன் கையில் பரிசோதனைக்குப் பெயர் கொடுக்கும் சீட்டு இருந்தது. அதைப் பிரித்தவன் மறுபடி மடித்தான்.

மாடத்தி அவன் அருகே வந்தார்.

"யார் யாரையோ வாழ்கன்னு கத்துனியே. அதே தொண்டையில ஒருத்தி பேரப் படி."

அவன் படித்தான்.

"செம்பகம். கணவர் பெயர் பிச்சாண்டி. மூணாம் மாசம்."