இன்னும் சூடான ஒரு சொல்

பெனிட்டா டீச்சரிடம் ஆங்கிலம் படிக்க வந்தவர்களில் சந்தனம்தான் மூத்தவர். அவருக்கு ஐம்பத்தாறு வயது, டீச்சருக்கு இருபத்தேழு. மற்றவர்கள் வேலை கிடைப்பதற்காகப் படிக்க வந்தார்கள். பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற சந்தனம் ஒரே ஒரு கடிதம் எழுத வந்தார்.

அவருடைய தம்பி பாலு வளைகுடா நாட்டுக்குக் கட்டட வேலைக்குப் போனவன். அங்கேயே இறந்துபோனான். உடல் ஊர் வந்து சேர முப்பத்தொரு நாள் ஆயிற்று. பெட்டியின் மேல் வேறு யாருடைய பெயரோ ஒட்டியிருந்தது. அதன்பின் கம்பெனியிலிருந்து ஆங்கிலத்தில் மூன்று வரி வந்தது. தாமதத்தால் உண்டான அசௌகரியத்துக்கு வருந்துகிறார்களாம்.

அசௌகரியம்! அர்த்தம் தெரிந்த அன்றே சந்தனம் வகுப்பில் சேர்ந்துவிட்டார்.

மூன்று மாதம் கழித்து, எல்லோரும் போன பிறகு கேட்டார்.

“டீச்சர், கோபத்துக்கு இங்கிலீஷ்ல என்ன வார்த்தை?”

“எந்தக் கோபத்துக்கு ஐயா? பக்கத்து வீட்டு ரேடியோ அலறினா இரிட்டேட்டட்.”

“அது இல்ல.”

“ஏமாத்திட்டாங்கன்னா ஆங்க்ரி.”

“பத்தாது.”

“ஃபியூரியஸ். கையில கிடைச்சதைத் தூக்கி எறியற கோபம்.”

“இன்னும் சூடா வேணும்.”

“லிவிட். முகமே வெளிறிப்போயிரும்.”

“எல்லாத்தையும் எழுதிக் குடுங்க.”

மறுநாள் அவர் கொண்டுவந்த கடிதம் இரண்டு பக்கம் இருந்தது. நான் கோபமாக இருக்கிறேன், கொதிக்கிறேன், வெறியோடு இருக்கிறேன் என்று வரிக்கு வரி. சில இடங்களில் பேனா தாளைக் கிழித்திருந்தது.

டீச்சர் முழுக்கப் படித்தார். சிவப்புப் பேனாவை எடுத்து ஒவ்வொரு வரியாக அடிக்க ஆரம்பித்தார்.

“தப்பா எழுதிட்டேனா?”

“ஒரு பிழைகூட இல்ல.”

பேனா நிற்கவில்லை. சந்தனம் மேசையை ஓங்கி அறைந்தார்.

“மூணு மாசம் இதுக்காகத்தானே படிச்சேன்? என் கோபத்தை அடிக்க நீங்க யாரு? செத்தது உங்க தம்பியா?”

டீச்சர் அடித்து முடித்துத் தாளை அவர் பக்கம் திருப்பினார். மூன்று வரிதான் மிச்சம்.

“படிங்க ஐயா. சத்தமா.”

மூச்சு வாங்க, அந்த ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படித்தார் சந்தனம். என் தம்பி பாலுவின் உடல் முப்பத்தொரு நாள் கழித்து வந்தது. பெட்டியில் வேறொருவர் பெயர் இருந்தது. அவன் எப்படி இறந்தான் என்று இதுவரை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

கடைசி வரியில் குரல் உடைந்துவிட்டது. டீச்சர் எழுந்துபோய் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

வெகுநேரம் கழித்து, அந்த மூன்று வரியையும் புதுத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார் சந்தனம். கவரை ஒட்டப் போன கை நின்றது.

“கோபம்னு ஒரு வார்த்தைகூட இல்லையே டீச்சர். நான் எப்படி எரியறேன்னு அந்தக் கம்பெனிக்காரனுக்கு எப்படித் தெரியும்?”

டீச்சர் திரும்பினார். கண்கள் சிவந்திருந்தன.

“அது இருந்தா, சந்தனம்னு ஒருத்தர் ரொம்பக் கோபக்காரர்னு பேசிட்டுப் போயிருவாங்க ஐயா. இப்ப பாலுவைப் பத்திப் பேசியாகணும்.”