செங்காந்தள் பஸ்

பஸ் போயே போய்விட்டது. நிறுத்தத்தில் நின்ற ஏழு பேரில் ஒருவர்கூடக் கை காட்டவில்லை.

காய்ச்சல் பிள்ளையைத் தோளில் போட்டிருந்த பெண், பக்கத்தில் நின்ற பூதத்தானிடம் கேட்டாள்.

"இப்போ போனது எந்த ஊர் வண்டி?"

"சுரண்டை."

"ஐயோ! அதுக்குத்தானே நிக்கேன். ஆஸ்பத்திரிக்குப் போகணும். போர்டு பூராவும் பூவும் கொடியுமால்லா இருந்துச்சு, ஊரைக் காணோமே! எந்தக் கிறுக்கன் ஒட்டினான்?"

அந்தக் கிறுக்கன் பூதத்தான்தான். ஆட்டோ பிடித்து அவளை ஏற்றிவிட்டு, எதிரே இருந்த ஸ்டிக்கர் கடைக்குள் நுழைந்தார்.

கடைக்காரி பர்வீனுக்கு இருபத்தைந்து வயசு. அவளிடம் தொழில் படிக்க வந்த பூதத்தானுக்கு நாற்பத்தாறு. இருந்தாலும் அவள்தான் மாஸ்டர். இது அவர் தனியாகச் செய்த முதல் பஸ். வண்டியில் ஆளே ஏறவில்லை, நாளைக்குள் சரியாகவில்லை என்றால் வேறு கடை பார்த்துக்கொள்வதாக பஸ்காரர் காலையிலேயே போனில் கத்திவிட்டார். அதனால்தான் பர்வீன் அவரை நிறுத்தத்தில் போய் நிற்கச் சொன்னாள்.

"பார்த்தீங்களா அண்ணாச்சி?"

"பார்த்தேன். எழுத்து அசிங்கமாவா இருக்கு மாஸ்டர்?"

"யார் சொன்னா? நானே வேலையை விட்டுட்டுப் பார்த்தேன்."

பொய்யில்லை. பழைய சோடா லேபிளில் வருமே, அந்த மாதிரி எழுத்து. கொம்பில் சுருள், காலில் இலை, முதுகில் நிழல். பூதத்தானுக்கு அதன்மேல் கொள்ளை ஆசை. அதனால் பஸ் பேர், ஊர், வழி, நேரம், 'படியில் நிற்காதே' வரைக்கும் அதையே போட்டுத் தள்ளிவிட்டார்.

"அப்போ அதை எங்கதான் போடுறது?"

பர்வீன் பிளேடை நீட்டினாள்.

"சாயங்காலம் வண்டி வரும். ஒண்ணு விடாம உரிங்க. எல்லாத்தையும் மொட்டை எழுத்துல ஒட்டுங்க."

உரித்தார். நேரம் போனது. வழி போனது. சுருளும் இலையும் இல்லாமல் 'சுரண்டை' பளிச்சென்று நின்றது. மேலே, கண்ணாடியின் நெற்றியில் 'செங்காந்தள்' மட்டும் மிச்சம். முதல் கொம்பு தீ மாதிரி வளைந்து எரிந்தது. பிளேடை அதில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

மறுநாள் காலை அதே பெண் இரண்டாவது ஊசிக்காக நிறுத்தத்தில் நின்றாள். வளைவில் பஸ் தலை காட்டியதுமே பிள்ளை துள்ளியது.

"எம்மா, பூ வண்டி!"

அவள் நிமிர்ந்து பூவைப் பார்த்தாள். கண்ணைக் கீழே இறக்கி ஊரைப் பார்த்தாள். கையைக் காட்டினாள். பஸ் நின்றது.

பர்வீன் கடைவாசலுக்கு வந்து பஸ்ஸின் நெற்றியைப் பார்த்தாள். ஆட்கள் ஏறி முடிகிறவரை பார்த்தாள்.

"ஒண்ணு விடாம உரிக்கச் சொன்னேனே அண்ணாச்சி."

"சொன்னீங்க மாஸ்டர். அதை மட்டும் உரிக்கலை."

அவள் கையை நீட்டினாள்.

"பிளேடைத் திருப்பிக் குடுங்க. இனி உரிக்க ஒண்ணுமில்லை."