பின்னால் இருந்த நிறம்

“கறுப்பு போகமாட்டேங்கு, டீச்சர்.”

நயினார் நாற்காலியைத் திருப்பினார். மாணவருக்கு வயது ஐம்பத்தொன்பது. டீச்சருக்கு முப்பத்திரண்டு. நிலோஃபர் என்று பெயர். பாளையங்கோட்டையில் கல்யாண வீடியோக்களை எடிட் செய்து கொடுப்பவள்.

“எங்க இருக்கு கறுப்பு?”

“மவனைச் சுத்தி.”

திரையில் மகள் பூரணியின் கல்யாண மேடை. மாப்பிள்ளை, பூரணி, அவளுக்குப் பக்கத்தில் அண்ணன் மதிவாணன்.

மதிவாணன் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. கல்யாணம் நடந்தது ஆறு மாதத்துக்கு முன்னால்.

இந்தப் பக்கத்தில் அது வழக்கம்தான். வீட்டில் இல்லாமல் போனவரின் படத்தைக் கத்தரித்துக் கல்யாண வீடியோவில் சேர்த்துவிடுவார்கள். எந்த ஸ்டுடியோவும் செய்து கொடுக்கும். நயினார்தான் யாரையும் தொடவிடவில்லை. என் பிள்ளையை நானே கொண்டுவந்து நிறுத்திக்கிடுதேன் என்று ஆறு மாதமாகத் தொழில் படிக்கிறார்.

நாளைக்குப் பூரணி மஸ்கட்டுக்கு விமானம் ஏறுகிறாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. “அண்ணன் எம் பக்கத்துல நிக்கணும்ப்பா.”

நின்றான். ஆனால் தலைமுடியைச் சுற்றி மெல்லிசாக ஒரு கறுப்புக் கோடு. இரங்கல் போஸ்டரிலிருந்து இறங்கி நேரே மேடைக்கு வந்தவன் மாதிரி.

“என்னெல்லாம் செஞ்சிய, அண்ணாச்சி?”

“ஓரத்தைக் கொஞ்சங்கொஞ்சமா நறுக்கிப் பார்த்தேன்.”

“காட்டுங்க.”

காட்டினார். கோடு இல்லை. சுருட்டை முடியும் இல்லை. காது பாதிதான் இருந்தது.

“கறுப்பு போயிட்டு. தம்பியும்லா போயிட்டான்.”

நயினார் நறுக்கியதைப் பழையபடி மாற்றினார்.

“படத்தை உள்ள கொண்டுவரும்போது, பின்னால உள்ளதை என்ன செய்யன்னு மிஷின் கேக்கும். அதுக்கு என்ன சொன்னிய?”

“கண்டுக்காதன்னேன்.”

“என்னாச்சு?”

“கறுப்புப் பெட்டிக்குள்ள நின்னான்.”

“பொறவு?”

“நீயே உத்தேசமாப் பார்த்துக்கோங்கிற பட்டனை அழுத்தினேன். பதினேழு தடவை.”

நிலோஃபருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

“மிஷினுக்கு என்ன தெரியும், பாவம். முடி ஓரத்துல பாதி அவன், பாதி அவனுக்குப் பின்னால இருந்த நிறம். ரெண்டும் கலந்து கிடக்கு. என்ன நிறம்னு நீங்க சொன்னா அதை மட்டும் பிரிச்சு எடுத்துரும். சொல்லலைன்னா, அதையும் அவன்னே நினைச்சுக்கிடும்.”

“கறுப்புன்னும் சொல்லிப் பார்த்துட்டேன். போகலை.”

“அப்ப கறுப்பு இல்லை.”

“பின்ன என்ன?”

“எங்கிட்ட கேட்டா? படம் யாரு எடுத்தா?”

“லோகநாதன்னு ஒருத்தன். திருப்பூர்ல இவன்கூட ஒரே ரூம்ல இருந்தவன். பூரணி கேட்டதுக்கு, பின்னால உள்ளதை வெட்டித்தான் அனுப்பினான்.”

“அவன்ட்ட கேளுங்க.”

“வேண்டாம்.”

“ஏன்?”

நயினார் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“படிப்பைப் பாதியில விட்டுட்டு பனியன் கம்பெனிக்குப் போனான். இனி என் வாசலை மிதிக்காதலேன்னு சொன்னேன். அப்பன் கோவத்துல சொல்லுததுதான? ஒண்ணரை வருஷம், டீச்சர். ஒரு தடவை வந்து எட்டிப் பார்க்கலையே அவன். லாரி மோதி, ஆம்புலன்ஸ்லதான் வீட்டுக்கு வந்தான். அவன் கூட்டாளிட்ட எனக்கு என்ன பேச்சு?”

நிலோஃபர் அவர் கைக்கடியிலிருந்த மவுஸை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“கேட்டுட்டு வாங்கிக்கிடுங்க.”

அரை மணி நேரம் நயினார் வெறும் கையோடு உட்கார்ந்திருந்தார்.

பிறகு போனை எடுத்து லோகநாதனைக் கூப்பிட்டார்.

“அப்பா, நல்லாருக்கீங்ளா? தங்கச்சி கல்யாணத்துக்கு வரமுடியலைங்க, லீவு…”

“அந்தப் படத்துல அவனுக்குப் பின்னால என்ன நிறம்?”



“கரும்பச்சைங்கப்பா.”

“எந்த இடம்?”

“வேண்டாம்ங்கப்பா. அது தெரியக்கூடாதுன்னுதான் வெட்டி அனுப்பினேன்.”

“சொல்லு.”

“உங்க வீட்டு கேட்டுங்கப்பா.”

நயினார் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

“அவன் சாகறதுக்கு முந்தி வந்த பொங்கல்ங்க. காலைல ரெண்டு பேரும் வந்தோம். உள்ள போகப்போறேன், அதுக்கு முந்தி ஒரு படம் எடுடான்னான். எடுத்தேன். உள்ள நீங்கெல்லாம் சிரிச்சுப் பேசற சத்தம் கேட்டுச்சு. இப்ப நான் போனா அந்தச் சிரிப்பு நின்னுபோயிரும்டான்னு சொல்லிட்டு, பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பிட்டானுங்க.”

நயினார் போனை மேசையில் வைத்தார். லோகநாதன் “அப்பா, அப்பா” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது.

நிலோஃபர் மவுஸை நீட்டினாள்.

அவர் நிறங்களுக்கு நடுவில் தேடவில்லை. கை நேரே போய் அந்தப் பச்சையில் நின்றது. அழுத்தினார்.

சுருட்டை முடி இழை இழையாக மேடை வெளிச்சத்தில் தெரிந்தது. காது முழுசாக இருந்தது. தங்கச்சிக்குப் பக்கத்தில், எங்கும் போகாதவன் மாதிரி, மதிவாணன் நின்றான்.

நயினாரின் முதுகு மறைத்ததில், நிலோஃபரின் நாற்காலியிலிருந்து திரை சரியாகத் தெரியவில்லை.

“கோடு போயிட்டா, அண்ணாச்சி?”

“படத்துல போயிட்டு.”