தோளில் கேட்ட மல்லாரி

நாகஸ்வரத்தில் சிங்காரவேலுவின் கற்பனைக்கு அணை போட முடியாது. கோபமோ மூக்கு நுனியில் இருக்கும். வேலங்குடிக் கோயிலில் வித்துவான் வேலை காலி என்று தெரிந்ததும், எனக்கில்லாமல் வேறு யாருக்கு என்று கிளம்பிப் போனான்.

"சுவாமி கோபுர வாசலுக்கு வர்ற வரைக்கும் மல்லாரி மட்டும் வாசிங்க. நடந்துகிட்டே வாசிங்க" என்று, அன்றைய புறப்பாட்டில் அவனை வாசிக்கவிட்டுப் பார்க்க நினைத்த தர்மகர்த்தா சொல்லியிருந்தார்.

மல்லாரி புறப்பாட்டுக்கே உரிய வாசிப்பு. பல்லக்கு தூக்குகிறவர்களின் அடி அந்தத் தாளத்தில்தான் விழும். முன்னால் போகும் நாகஸ்வரம் நின்றால், பின்னால் வரும் பல்லக்கும் நின்றாக வேண்டும்.

பாதி வழியில் கூட்டம் தலையாட்டுவதைப் பார்த்தான். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அங்கேயே நின்று கல்யாணி ராகத்தை விரித்துவிட்டான்.

முடிந்ததும் தர்மகர்த்தா தாம்பூலம் கொடுத்தார். "வாசிப்புல குறையே இல்லை, தம்பி. ஆனா நாங்க கேட்டது வேற. மனசிருந்தா வெள்ளிக்கிழமை இன்னொரு தரம் வாங்க."

நேரே குருநாதர் அய்யாக்கண்ணுவிடம் வந்து கொட்டித் தீர்த்தான்.

"சொன்னதை மட்டும் வாசிக்க நான் எதுக்கு, ஐயா? அந்த வேலையே எனக்கு வேண்டாம்."

அய்யாக்கண்ணு வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டார். "நாளைக்கு நம்ம ஊர்ல புறப்பாடு. வாத்தியத்தை வீட்டுல வெச்சுட்டு வா."

மறுநாள் அவனைப் பல்லக்குக் கொம்பின் கீழே நிறுத்தினார். கட்டை தோளில் ஏறியதும் அவனுக்கு மூச்சு முட்டியது. அவர் மல்லாரியை எடுத்தார். கால்கள் தாமாக நடந்தன. வேகம் கூடும் மூன்றாம் காலத்தில், அவன் அதுவரை கேட்டே இராத ஒரு சங்கதியைப் போட்டார். தாளம் இம்மியும் நகரவில்லை. அவனுக்குப் புல்லரித்தது, பாரம் மறந்தே போனது.

தெருமுனையில் அவர் நின்றார். கல்யாணியைத் தொடங்கினார். அவனுக்கு உயிரான ராகம்தான். ஒரு சுரமும் காதில் ஏறவில்லை. கட்டை தோளை அழுத்திக்கொண்டே இருந்தது.

"ஐயா, நடங்களேன்" என்று ஒரு குரல் கேட்டது. சாட்சாத் சிங்காரவேலுவின் குரல்தான்.

அய்யாக்கண்ணு திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

வெள்ளிக்கிழமை அவன் வேலங்குடிக்குப் போனான். மல்லாரி மட்டும் வாசித்தான், நடந்துகொண்டே வாசித்தான். மூன்றாம் காலத்தில் அவன் சொந்தமாகப் பின்னியதைக் கேட்டதும் பல்லக்குக்குப் புது உற்சாகம் வந்துவிட்டது. தூக்கியவர்கள் சிரித்துக்கொண்டே கோபுர வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள்.

"நாளையிலேருந்து வந்துடுங்க, தம்பி" என்றார் தர்மகர்த்தா.

நெஞ்சு நிமிர்ந்து திரும்பிப் பார்த்தான். பல்லக்குக் கொம்பின் கீழே, துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து அய்யாக்கண்ணு நின்றிருந்தார்.

தர்மகர்த்தா பதறிப்போனார். "நீங்க ஏன் ஐயா சுமக்கறீங்க? உங்களுக்குன்னு வாசல்ல நாற்காலி போட்டிருக்கோமே."

"வாசிக்கறது என் சிஷ்யனாச்சே" என்றார் அய்யாக்கண்ணு. "நாற்காலியில உட்கார்ந்து கேட்டா, எல்லார் வாசிப்பும் நல்லாத்தான் இருக்கும்."